விறைக்கும் விரல்களுக்குச் சூடான கைப்பிடி

காற்றடிக்கும் குழாயின் முனையை விளிம்புக்குள் நுழைத்ததும், பைக் ஹேண்டிலின் பழைய ரப்பர் கிரிப் உப்பிக்கொண்டு முழுதாகக் கழன்று வந்தது.

கத்தியால் கீற வேண்டாம் என்று ஊட்டிப் பட்டறைத் தம்பி சொன்னதன் காரணம் அடியில் தெரிந்தது. காகிதத் தடிமனில் சூடேற்றும் படலம் ஒன்று ஒட்டப்பட்டு, அதனுள் மிக மெல்லிய கம்பித் தடம் வளைந்து வளைந்து ஓடுகிறது. அது ஓரிடத்தில் அறுந்தாலே அந்தப் பக்கம் சூடேறாமல் போகலாம்.

புதிய கிரிப்பை ஏற்றுவதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. மெதுவாக இறுகும், சூடு தாங்கும் பசையின் ஈரத்தில் அது வழுக்கிக்கொண்டு உள்ளே செல்ல வேண்டும். முறுக்கித் திணித்தால் படலம் கிழியும். ஆக்சிலேட்டர் பக்கம் கைப்பிடியோடு ஒயரும் சேர்ந்து அசைவதால், அதற்குத் தளர்வு விட்டு, ஹேண்டிலை இரு புறமும் முழுதாகத் திருப்பி, ஆக்சிலேட்டரை முறுக்கிக் கையை எடுத்தால் அது தானாகவே பழைய நிலைக்கு வருகிறதா என்று தம்பி பலமுறை பார்த்தார். கிளட்ச் பக்கத்து உலோகக் குழாய் சூட்டை இழுத்துக்கொள்ளும் என்பதால், அங்கே படலத்துக்கு அடியில் வெப்பம் கடத்தாத உறையை முன்பே போட்டிருந்தார்.

சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டிக்கு அருகே, தலைக்குந்தாப் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் ஜனவரி விடியலில், பால் கேனோடும் செய்தித்தாள் கட்டோடும் புறப்படுபவர்களுக்கு இது சொகுசே அல்ல. விறைத்த விரல் பிரேக் பிடிக்கத் தாமதிக்கும். கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் அந்தத் தாமதத்துக்கு இடமில்லை. மலையில் விற்கும் வண்டிகளில் இதைத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தர வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.