ஃப்ரெட்லெஸ் பேஸ்: மழைக்கால நாட்குறிப்பு

நவம்பர் 4

ஈரப்பதமானி 88 காட்டுகிறது. ஃப்ரெட் (விரல்பலகையின் உலோகக் கட்டை) இல்லாத என் பேஸ் கிட்டாரின் பலகைமேல் எபாக்ஸி என்ற பிசினை ஊற்றும் நாள் இதுவல்ல.

நவம்பர் 5

மழை விடவில்லை. ஊற்ற முடியாவிட்டால் என்ன, தேய்க்கலாம். நெக்கைக் கழற்றி, அதற்குள் இருக்கும் ட்ரஸ் ராடு என்ற உலோகத் தண்டைத் திருகி நேர்கோட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் மணல்தாளைத் தொட வேண்டும். வளைந்த நெக்கில் தேய்த்தால் அந்த வளைவே பலகையில் நிலைத்துவிடும். பலகையின் குறுக்கு வளைவுக்கேற்ற 9.5 இன்ச் ரேடியஸ் பிளாக், 320 தாள், பிறகு 600. பென்சிலால் குறுக்கே கோடுகள் போட்டுத் தேய்த்தால் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கோடுகளே சொல்லிவிடும்.

ஆம்ப்பை மாற்று, பெடல் வாங்கு என்கிறவர்கள் இந்த வேலையைச் சொல்வதில்லை. ஃப்ரெட்லெஸ்ஸின் அந்த 'ம்வா' என்று மலரும் ஒலி ஆம்ப்பில் பிறப்பதில்லை. விரலுக்கு முன்னால் கம்பி பலகையை மயிரிழை தூரத்தில் உரசிக்கொண்டே அதிர்கிறது. அதிர்வு குறையக் குறைய உரசும் இடம் நகர்கிறது. அதனால் மேல் ஸ்வரங்கள் (ஒரே ஒலிக்குள் கேட்கும் ஓவர்டோன்கள்) பிந்தி மலர்கின்றன. தம்புராவின் குதிரையில் நூல் வைத்து ஜீவாளி பிடிக்கிறார்களே, அதே இயற்பியல்தான். பலகையில் ஓரிடம் மேடாக இருந்தால் அங்கே ஒரு ஸ்வரம் இரையும், அடுத்த இரண்டும் ஊமையாகும். அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவால் இதைச் சரிசெய்ய முடியாது.

நவம்பர் 7

ஜி கம்பியில் ஏழாம் இடத்து டி ஸ்வரம். மற்றதெல்லாம் நீளும்போது அது மட்டும் சீக்கிரம் செத்துவிடும். எபாக்ஸி அதைத் தீர்க்காது.

நவம்பர் 8

வெயில். 64 சதவீதம். ஊற்றியாயிற்று.

ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை இதற்கு ஆகாது. மெதுவாக இறுகும் எபாக்ஸிதான் தானாகப் பரவிச் சமமாகும், குமிழிகளும் மேலே வர நேரம் கிடைக்கும். ரெசினையும் ஹார்டனரையும் கண்ணளவில் ஊற்றக் கூடாது. தயாரிப்பாளர் எடையில் சொல்லியிருந்தால் தராசு, கொள்ளளவில் சொல்லியிருந்தால் அளவுக் கோப்பை. விகிதம் பிசகினால் மேலே ரப்பர் போல ஒரு தோல் மிஞ்சும், என்றைக்கும் இறுகாது. கம்பியின் உயர் அதிர்வுகளை அது விழுங்கிவிடும். நட்டுக்கும் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் பள்ளமிட்ட துண்டு) பக்கவாட்டுக்கும் டேப். ஹீட் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஒரு முறை ஓட்டினால் குமிழிகள் உடையும். தேய்த்த பிறகு அரை மி.மீ. கனம் மிஞ்ச வேண்டும் என்று கணக்கு.

பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் 1962 ஃபெண்டர் ஜாஸ் பேஸில் பூசியது படகுகளுக்கான எபாக்ஸி. காரணம் எளிது: மேலே உருண்டைக் கம்பி சுற்றிய சுற்றுக்கம்பி வெறும் ரோஸ்வுட்டை அரம் போல அராவிவிடும். பூச்சு மரத்தைக் காக்கிறது, கூடவே ஒலியைக் கடினமாக்குகிறது. இரண்டாவதுதான் எனக்கு வேண்டியது.

நவம்பர் 9

நகம் பதிகிறது. தொடாதே.

நவம்பர் 10

இரவு மறுபடி மழை. காலையில் மேலே மெழுகு பூசியது போல மங்கல். ஹார்டனரில் உள்ள அமீன், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து விடும் படலம் இது. இதன்மேல் நேரடியாக மணல்தாள் போட்டால் தாள் அடைத்துக்கொள்ளும், அடுத்த பூச்சும் பிடிக்காது. வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், சுத்தமான துணி. போய்விட்டது.

இனி ஒரு வாரம் முழுதாக இறுக விட வேண்டும். 23-ஆம் தேதிக்குள் எல்லாம் முடியுமா?

நவம்பர் 12

நெக் அலமாரியில். உடல் மேசையில். சும்மா இருக்க முடியவில்லை, டோன் கெபாசிட்டரைப் பார்க்கிறேன்.

ஜாஸ் பேஸில் வழக்கமாக வருவது 0.047 மைக்ரோஃபாரட். டோன் நாப்பை முழுக்க மூடினால் ட்ரெபிள் 'வெட்டுப்படுகிறது' என்று மட்டும் நினைக்கிறோம். நடப்பது வேறு: பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின்னாக்கும் காந்தச் சுருள்) இண்டக்டன்ஸும் இந்தக் கெபாசிட்டரும் சேர்ந்து புதிய அதிர்வெண்ணில் ஒலியை உயர்த்தும் ஒரு சிறிய மேட்டை எழுப்புகின்றன. பின் பிக்கப்பைச் சுமார் 3.5 ஹென்றி என்று வைத்துக்கொண்டால், 0.047-க்கு மேடு 390 ஹெர்ட்ஸ் அருகில். அது தொண்டை அடைத்த ஒலி. 0.022 போட்டால் 570. 0.010 போட்டால் 850. ம்வா என்று காது கேட்பது பெரும்பாலும் 500க்கும் 900க்கும் இடையில்தான். பத்து ரூபாய்கூட ஆகாத ஒரு பொருள், அந்த மேட்டை எடுத்து வந்து சரியான இடத்தில் வைக்கிறது. இதைச் செய்யாமல் பிரீஆம்ப் வாங்குவது வீண் செலவு என்பேன்.

இரண்டு எச்சரிக்கை. இந்தக் கணக்கு ஒரு பிக்கப் மட்டும் திறந்திருக்கும்போது. இரண்டும் முழுக்கத் திறந்தால் இண்டக்டன்ஸ் ஏறத்தாழப் பாதியாகி மேடு மேலே போய்விடும். அடுத்தது, பாட்களை (நாப்களுக்கு அடியில் உள்ள மாறும் மின்தடைகள்) 250 கிலோ ஓமிலிருந்து 500க்கு மாற்றத் தேவையில்லை. மூன்று 250-உம் சேர்ந்து உயர் அதிர்வெண்களில் சுமார் 83 கிலோ ஓம் சுமை. அந்தச் சுமைதான் விரல் தேய்ப்புச் சத்தத்தை அடக்கி வைக்கிறது. 500 போட்டால் தேய்ப்புதான் முதலில் கேட்கும்.

0.022 பற்றவைத்தேன். பழையதை வீசவில்லை.

நவம்பர் 13

இரைச்சல். பின் பிக்கப் தனியாக இருக்கும்போது வரும் அந்த 50 ஹெர்ட்ஸ். பேஸ்காரனுக்கு இதைவிட மோசமான எண் வாய்க்காது: ஈ கம்பியில் மூன்றாம் இடத்து ஜி 49.0 ஹெர்ட்ஸ். இரைச்சலின் இரண்டாம் மடங்கு 100. திறந்த ஜி கம்பி 98.0. மின்சாரம் ஜி-க்கு 35 சென்ட் (அரை ஸ்வரத்துக்கு 100 சென்ட்) மேலே ஒரு சுருதி பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஃப்ரெட் இருந்தால் பாதகமில்லை. இல்லாதபோது காது மெல்ல அந்தப் பக்கம் சாயும், விரலும் சாயும்.

பிக்கப்பும் வயர்களும் இருக்கும் குழிகளுக்குச் செம்புத் தாள் ஒட்டினேன். ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சந்திப்புகளில் பற்றவைத்து, ஒரே இடத்தில் கிரவுண்ட். இது சரசரப்பை நிறுத்தும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் காந்தப் புலத்தை நிறுத்தாது. அதற்கு இரண்டு பிக்கப்பையும் சமமாகத் திறக்க வேண்டும், அப்போது ஒலியின் நடுப்பகுதி குறைந்துவிடும். இல்லையென்றால் ஜாஸ் வடிவிலேயே வரும் இரட்டைச் சுருள் பிக்கப். இப்போதைக்கு மின்சாரம் வரும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டியதுதான்.

நவம்பர் 15

கனமழை. அந்த டி.

நவம்பர் 17

கல்லாக இறுகியிருக்கிறது. 400, 600, 1000, 2000, எல்லாம் தண்ணீர் விட்டு. பிறகு கார் பாலிஷ் காம்பவுண்ட்.

பலகை அரை மி.மீ. உயர்ந்துவிட்டதால் நட் பள்ளங்கள் அதே அளவு தாழ்ந்ததற்குச் சமம். பார்க்காமல் கம்பி கட்டினால் திறந்த கம்பி நான்கும் பலகையில் படுத்துக்கொள்ளும். நட்டுக்கு அடியில் ஒரு மெல்லிய தகடு வைத்தேன். முதல் ஃப்ரெட் இருந்திருக்க வேண்டிய இடத்தில், கம்பிக்கடியில் ஒரு விசிட்டிங் கார்டு தடையின்றி நுழைந்தால் போதும்.

நிக்கல் சுற்றுக்கம்பி, 45-65-85-105. நெக் வளைவு ஏழாம் இடத்தில் 0.2 மி.மீ. பன்னிரண்டாம் இடத்தில் உயரம்: ஜி 1.5, ஈ 2.0. இதைவிட உயர்ந்தால் ம்வா போய் வெறும் தொப் தொப். தட்டைக் கம்பி இனிமைதான், மறுக்கவில்லை. ஆனால் மேல் ஸ்வரம் குறைந்த கம்பியில் மலர்வதற்கு என்ன இருக்கிறது?

இன்டொனேஷன் (கம்பி நெடுகச் சுருதி சேர்ப்பது): பன்னிரண்டாம் கோட்டின் நேர் மேலே விரல் நுனி. ஃப்ரெட் இருக்கும் பேஸில் செய்வது போலக் கோட்டுக்குப் பின்னால் அழுத்திக்கொண்டு சாடிலை (பிரிட்ஜில் கம்பி தங்கும் துண்டு) திருகினால் எந்த நாளும் சேராது.

நவம்பர் 18

ஈ கம்பியில் மேலே போனால் சுருதி அலைகிறது. பிக்கப் காந்தம் கம்பியை இழுக்கிறது. கடைசி இடத்தில் கம்பியை அழுத்திக்கொண்டு அளந்தால் பிக்கப்புக்கும் கம்பிக்கும் இடைவெளி 1.6 மி.மீ. ஈ பக்கம் 2.8, ஜி பக்கம் 2.0 என்று இறக்கினேன். ஒலி கொஞ்சம் சின்னதாயிற்று, அதை ஆம்ப்பின் கெயின் பார்த்துக்கொள்ளும். அலைவு நின்றது.

நவம்பர் 19

கடைசியில் ஆம்ப். எல்லாம் ஃப்ளாட்டில் வைத்து ஒரு மணி நேரம்.

40 ஹெர்ட்ஸில் ஹைபாஸ் (அதற்குக் கீழே உள்ளதைக் குறைப்பது). 250-இல் 3 டெசிபல் குறை. 750-இல் 2 டெசிபல் கூட்டு. ட்வீட்டர் பாதிக்கும் கீழே. இவ்வளவுதான். தனியாக வாசிக்கும்போது மெலிந்து கேட்கும். டிரம்ஸ் சேர்ந்ததும் ஒவ்வொரு ஸ்வரமும் எங்கே தொடங்குகிறது என்று தெரியும். பேஸ் நாப்பைக் கூட்டினால் வீட்டில் சுகம், மேடையில் சேறு. சுருதியைக் காது பிடிப்பது பெரும்பாலும் மேல் ஸ்வரங்களால்; அவற்றைச் சேற்றில் புதைத்துவிட்டு விரலைக் குறை சொல்லக் கூடாது.

கம்ப்ரஸர் (உரத்த ஒலியை அடக்குவது) 3:1, அட்டாக் (அது அடக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 30 மில்லிசெகண்ட், குறைப்பு 3 டெசிபலுக்கு மேல் போகாமல். அட்டாக்கை 5-க்குக் கொண்டுபோனால் விரல் அடி மறைகிறது, ம்வா மட்டும் தலையில்லாமல் நிற்கிறது.

ஒலியை இரட்டித்து அலையவிடும் கோரஸ் எஃபெக்ட் வேண்டாம். சுருதியை மழுப்ப அதைப் போடுகிறவர்கள் உண்டு.

நவம்பர் 20

பியஸோ பிரிட்ஜ் (கம்பியின் அழுத்தத்தை மின்னாக்கும் பிக்கப் உள்ளது) போட்டால் இதெல்லாம் தீராதா என்று கேட்கிறார்கள். பியஸோவின் கெபாசிட்டன்ஸ் 1 நானோஃபாரட் என்றால், 1 மெகா ஓம் இன்புட்டில் 159 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரியத் தொடங்கும். ஈ கம்பி 41. 10 மெகா ஓம் இன்புட் உள்ள பஃபர் (இடையில் வைக்கும் சிறு மின்சுற்று) இல்லாமல் அந்தப் பேச்சே எடுக்க வேண்டாம்.

நவம்பர் 21

டி! ஹெட்ஸ்டாக்கில் (நெக்கின் தலையில்) ஒரு சின்ன சி-கிளாம்ப், நடுவில் தோல் துண்டு. நெக்கின் சொந்த அதிர்வு இடம் மாறுகிறது, டி நீள்கிறது. செத்த இடம் இப்போது டி-க்கும் சி ஷார்ப்புக்கும் நடுவில். ஃப்ரெட் இல்லாததால் அந்த நடுவில் நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. கிளாம்ப் பார்க்க அசிங்கம்தான், இருக்கட்டும்.

நவம்பர் 22

காலை ஈரப்பதம் 91. வளைவு 0.35 ஆகிவிட்டது. ட்ரஸ் ராடு கால் திருப்பு. உடனே அளப்பதில் பொருளில்லை, மரம் அசைய நேரம் வேண்டும். மாலையில் அளக்கலாம்.