ஆடம்ஸ் சொன்ன கடைசி ‘கூடாது’

இரண்டு நாளாக ஜான் குவின்சி ஆடம்ஸ் மனதை விட்டுப் போகவில்லை. அமெரிக்க அதிபராக இருந்து 1829-இல் பதவி இறங்கியவர், 1831-இல் சாதாரண உறுப்பினராகப் பிரதிநிதிகள் சபைக்கு வந்தார்.

1836-இல் அந்தச் சபை ஒரு விதி போட்டது: அடிமை முறையை எதிர்த்து வரும் மனு எதையும் விவாதிக்கவே கூடாது. அதை எதிர்த்து ஆடம்ஸ் எட்டு வருஷம் விடாமல் மோதினார். கண்டனத் தீர்மானம் கொண்டுவந்து மிரட்டினார்கள், அசரவில்லை. கடைசியில் 1844 டிசம்பரில் அவர் கொண்டுவந்த தீர்மானமே அதை ஒழித்தது. அப்போது வயது 77! எனக்கு இதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது.

அமெரிக்கா மெக்சிகோவுடன் நடத்திய போரையும் எதிர்த்தார். 1848 பிப்ரவரி 21, அந்தப் போரின் தளபதிகளைப் பாராட்டும் தீர்மானத்துக்கு உரக்கக் ‘கூடாது’ என்றார். கொஞ்ச நேரத்தில் இருக்கையிலேயே சரிந்தார். இரண்டு நாள் கழித்து, அதே கட்டடத்தில் உயிர் பிரிந்தது.