துத்தநாக ஃபெர்ரைட்டும் ஒரு காந்தத் துண்டும்

ஃபெர்ரைட் என்னும் இரும்பு ஆக்சைடுச் சேர்மத்தைத் தயாரிப்பவனுக்கு நேரம் போவது பெரும்பாலும் கழுவுவதில்தான். துத்தநாகக் குளோரைடு ஒரு பங்கு, ஃபெரிக் குளோரைடு இரண்டு பங்கு என மோல் கணக்கில் கலந்து, சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு, 80 டிகிரியில் கலக்கிக்கொண்டிருந்தால் பழுப்பு வீழ்படிவு வந்துவிடும். வேலை அதற்குப் பிறகுதான். குளோரைடு முழுதும் போக, வடிநீரில் வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட்டாலும் பால்போலக் கலங்காத நிலை வரும்வரை கழுவ வேண்டும். எட்டாவது கழுவலிலும் கலங்கும். மனிதனுக்கு அழுகையே வந்துவிடும்.

ஒருநாள் பொழுது போகாமல் பீக்கரின் பக்கத்தில் காந்தத் துண்டை வைத்தேன். படிவு மெல்ல நகர்ந்து வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. காந்தத்தன்மையுள்ள கோபால்ட் ஃபெர்ரைட் என்றால் மகிழ்ந்திருப்பேன். ஆனால் துத்தநாக ஃபெர்ரைட் வரக் கூடாதே!

இந்த ஃபெர்ரைட்டுகளின் படிக அமைப்பான ஸ்பைனலில், உலோக அணுக்கள் அமர நான்முகி (சுற்றிலும் நான்கு ஆக்சிஜன்), எண்முகி (சுற்றிலும் ஆறு ஆக்சிஜன்) என இரண்டு வகை இடங்கள் உண்டு. இரண்டிலும் இரும்பு இருந்தால் அவற்றின் காந்தத் திருப்புதிறன்கள், அதாவது அணுக்களின் குட்டிக் காந்தங்கள், எதிரெதிராக நிற்கும். சமமாக ரத்தாகாமல் மிஞ்சுவதே ஃபெர்ரைட்டின் காந்தம். 1948-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நீல் விளக்கியது இதைத்தான். துத்தநாகமோ நான்முகி இடங்களை முழுவதும் பிடித்துக்கொள்ளும். அதற்குக் காந்தத் திருப்புதிறன் கிடையாது. எண்முகியிலுள்ள இரும்புக்கு எதிரில் நிற்க ஆளில்லை. ஆகவே அறை வெப்பநிலையில் அது வெறும் மண்.

என் பிழைதான் என்று நினைத்தேன். அன்று காரம் கை தவறிக் கூடிப்போய், பி.எச். 13-ஐத் தொட்டிருந்தது. மிகுதியான காரத்தில் துத்தநாக ஹைட்ராக்சைடு கரைந்து கழுவுநீரோடு போய்விடும். மிஞ்சிய இரும்பு காந்த ஆக்சைடாகியிருக்கும் என்று தீர்மானித்து, உறையின் மேல் ‘கெட்டது’ என்று சிவப்பு மையில் எழுதிவிட்டேன்.

மூத்த ஆய்வாளர் ஒருவர் உறையைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: “சுட்டுப் பார்த்தீர்களா?” பாதித் தூளை மூசையில் இட்டு 1000 டிகிரியில் சுட்டு, உலையோடு மெதுவாக ஆறவிட்டேன். இரும்பு மிகையாக இருந்திருந்தால் அது ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடாக மாறி, எக்ஸ் கதிர் வரைபடத்தில் 33 டிகிரியை ஒட்டித் தலைகாட்டும். அந்த இடம் தட்டையாகவே இருந்தது. 35-ஐத் தாண்டி ஸ்பைனலின் பெரிய உச்சி மட்டும் கூர்மையாக எழுந்தது. சுட்ட தூளைக் காந்தம் சீண்டவேயில்லை.

அப்படியானால் துத்தநாகம் எங்கும் போகவில்லை. துகள் சில நானோமீட்டராக இருந்தபோது கொஞ்சம் துத்தநாகம் எண்முகி இடத்தில் தவறி உட்கார்ந்திருக்கிறது. அந்த அளவுக்கு இரும்பு நான்முகிக்கு வந்திருக்கிறது. சூடு அவற்றை உரிய இடங்களுக்கு அனுப்பிவிட்டது. காந்தத்தன்மையை அளக்கும் காந்தமானியிலும் அப்படித்தான்: சுடாத தூளுக்குக் காந்தத்தைக் காட்டும் ஒல்லியான வளைவு, சுட்டதற்கு அது இல்லை என்று சொல்லும் ஏறக்குறைய நேர்கோடு.

உறையை மட்டும் மாற்றவில்லை. என் ஆய்விலேயே பயனுள்ள மாதிரி இன்னமும் ‘கெட்டது’ என்ற பெயரில்தான் இழுப்பறையில் கிடக்கிறது.