எர்த் சரியில்லை என்று எழுதிய வரி

"எர்த்திங் சரியில்லை. எலக்ட்ரிகல் டிபார்ட்மென்ட் பார்த்துச் சரிசெய்யவும்." பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில், சர்வீஸ் ரிப்போர்ட்டில் நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட வரி. பொய் கிடையாது, மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் எழுதினேன். ஆனாலும் வருடக்கணக்காக அந்த வரி என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

அந்த மில்லுக்கு நெட்வொர்க் கேபிள் போட முதலில் நான் கொடுத்த கோட்டேஷனில் ஷீல்டட் கேபிளே, அதாவது ஃபாயில் சுற்றிய கேபிளே கிடையாது. எல்லா இடத்துக்கும் கேட் 6 அன்ஷீல்டட் என்ற ஃபாயில் இல்லாத சாதா செம்புக் கேபிள், ஆபீஸுக்கும் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் ஷெட்டுக்கும் நடுவில் மட்டும் கண்ணாடி இழை ஃபைபர். ஃபைபர் என்றதுமே மேனேஜர் முகம் மாறிவிட்டது. "எலி கடிச்சுதுன்னா நம்மாளுக ஒட்ட முடியுமா அதை?" என்றார். அப்புறம் மெஷினோடு வந்த புத்தகத்தை எடுத்துக் காட்டினார். அதில் ஷீல்டட் கேபிள் என்று போட்டிருந்தது. ஜெர்மனி மெஷின். அந்த ஊரில் ஆபீஸ் மேசைக்குக்கூட ஷீல்டட்தான் இழுப்பார்கள், அவர்களுக்கு அது பழக்கம், ஆனால் அதை அவரிடம் எப்படிச் சொல்வது? "புத்தகத்துல இருக்கு, நீங்க ஏன் சாதா கேபிள் போட்டிருக்கீங்க, மிச்சம் புடிக்கறீங்களா?" என்று கேட்டார். உண்மையில் ஷீல்டட் போட்டால்தான் எனக்கு லாபம் கூட. சரிங்க சார் என்றேன். அந்த சரி சொன்ன வேகத்தில் லாபமும் கொஞ்சம் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை.

அன்ஷீல்டட் கேபிளை நம்புவதற்குக் காரணம் உண்டு. உள்ளே இருக்கும் நான்கு ஜோடியும் முறுக்கித்தான் இருக்கும், ஜோடிக்கு ஜோடி முறுக்கு வேறு. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் ஒரு ஜோடியின் இரண்டு கம்பியிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு ஏறும், அந்தப் பக்கம் இருக்கும் போர்ட் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான கட்டடங்களுக்கு அதுவே போதும். ஷீல்டட் என்றால் மேலே ஒரு ஃபாயில், கூடவே அதை ஒட்டியே ஓடும் டிரெயின் ஒயர் என்ற வெறும் கம்பி. ஃபாயில் பிடித்த இரைச்சல் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். மெட்டல் ஜாக், கேபிள்கள் வந்து முடியும் மெட்டல் பேட்ச் பேனல், அதை மாட்டும் ரேக், ரேக்கிலிருந்து எர்த் ஒயர்கள் சேரும் பட்டை என்று சங்கிலி அறுந்துபோகாமல் இருக்க வேண்டும். நம் பக்கம் பாதி சைட்டுகளில் ஷீல்டட் கேபிளை இழுத்து, டிரெயின் ஒயரை நறுக்கி எறிந்துவிட்டு, பிளாஸ்டிக் கனெக்டரில் கிரிம்ப் செய்து வைத்திருப்பார்கள். எங்கேயும் சேராத ஃபாயில் பிடித்த இரைச்சலுக்குப் போக வழியில்லை. அதற்குச் சாதா கேபிளே போதும்.

நான் அப்படிச் செய்யவில்லை. இரண்டு பக்கமும் மெட்டல் ஜாக், இரண்டு ரேக்குக்கும் எர்த், எல்லாம் முறைப்படி. முறைப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஷெட்டில் ரேக்குக்கு எர்த் ஒயர் முடுக்கிக்கொண்டிருந்தபோது மில் எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து நின்றார். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, அந்த ரேக்குக்கு ஆபீஸ் எர்த்து, இதுக்கு ஷெட்டு எர்த்து. ரெண்டையும் உங்க கேபிள்ல இருக்கற தகரம் சேத்துதுங்களே, பரவாயில்லீங்களா?"

நான் ஸ்க்ரூ டிரைவரை விடாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்: "அது டேட்டா கேபிளுங்ணா, அதுல என்ன கரண்ட் போகப் போகுது."

"சரிங்க தம்பி, உங்களுக்குத் தெரியாததுங்களா" என்று போய்விட்டார். அவர் அதைக் கிண்டலாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை முடிவு செய்ய முடியவில்லை. குரலை மனதில் ஓட்டி ஓட்டிப் பார்த்ததில் இப்போது இரண்டுமாகவும் கேட்கிறது.

இரண்டு வாரத்தில் போன் வந்தது. ஷெட்டில் நெட் விட்டு விட்டு வருகிறது, ஷிஃப்ட் ரிப்போர்ட் பாதி காணோம். போய்ப் பார்த்தால் நெட்வொர்க் ஸ்விட்ச் போர்ட்டில் சிஆர்சி எரர், அதாவது கெட்டுப்போய் வந்த டேட்டாவின் எண்ணிக்கை, கண்ணெதிரே ஏறிக்கொண்டிருந்தது. கிளாம்ப் மீட்டரைக் கேபிளைச் சுற்றி மாட்டினேன், அரை ஆம்பியருக்குக் கிட்டத்தில் காட்டியது. எதுவும் போகாது என்று சொன்ன அதே கேபிள். இரண்டு எர்த்துக்கும் நடுவில் 3 வோல்ட்டுக்கு மேல். 1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பது கேபிளிங் படித்த எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வேலை முடிக்கும் அன்று அளந்து பார்க்கவில்லை.

ரிப்போர்ட் எழுதினேன். மேனேஜர் அதை எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்துவிட்டு, "ஏங்க, எர்த் பாக்கறது உங்க வேலைதானே?" என்று அண்ணனிடம் கேட்டார். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். "பாத்தர்றனுங்க" என்றார். "நான் அன்றே கேட்டேன், நீங்கள்தான் அலட்சியமாகப் பதில் சொன்னீர்கள்" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானாவது சொல்லியிருக்கலாம். இரண்டாவது பில் இன்னும் பாக்கி இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஷட்டவுனில் மூன்று வேலை நடந்தது. அவர் ஆள் வைத்துப் புதுக் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, இரண்டு எர்த்தையும் பட்டை இழுத்துச் சேர்த்தார். நான் ஆபீஸ் பக்கம் மெட்டல் ஜாக்கைக் கழற்றிப் பிளாஸ்டிக் ஜாக் போட்டு, ஷீல்டுக்கு அந்தப் பக்கம் எர்த் இல்லாமல் விட்டுவிட்டேன். மூன்றாவது வேலையை ரிப்போர்ட்டில் எழுதவில்லை. என் பையன்கள் முப்பது அடி தூரத்துக்கு டேட்டா கேபிளை, மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிளோடு ஒரே டிரேயில் படுக்கப் போட்டிருந்தார்கள். அதை எடுத்து ஓரடி தள்ளித் தனி பைப்பில் விட்டோம். திங்கட்கிழமை எரர் பூஜ்யம்.

எது சரிசெய்தது? ஷீல்டில் ஓடிய 50 ஹெர்ட்ஸ் கரண்ட் டேட்டாவைக் கெடுத்திருக்காது என்றுதான் தோன்றுகிறது. டேட்டா ஓடுவது மெகாஹெர்ட்ஸில், போதாததற்கு ஒவ்வொரு போர்ட்டுக்குள்ளும் 1500 வோல்ட் தாங்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. டிரைவின் இரைச்சல்தான் காரணம் என்றால் தப்பு டிரேயில், அதாவது என்னிடம். இல்லை, அந்த இரைச்சலும் இரண்டு எர்த் வழியாகத்தான் ஃபாயிலில் சுற்றியது என்று வைத்தால் நான் எழுதியதும் சரி. ஆனால் அப்படிப் பார்த்தால் அண்ணன் முதல் நாளே சொன்னதுதான் சரி, இரண்டையும் சேர்த்தது என் கேபிள்தானே? ஒவ்வொன்றாகச் செய்து எரரை எண்ணிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஷட்டவுன் ஒரு நாள்தான், நேரமில்லை. தெரிந்துகொள்ள ஆசையும் அன்று இல்லை என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எங்கே போனாலும் அன்ஷீல்டட், கட்டடம் மாறினால் ஃபைபர் என்று பிடிவாதமாக இருந்தேன். போன வருடம் ஒரு ஃபவுண்டரியில், மின்சாரத்தில் உலோகம் உருக்கும் இண்டக்‌ஷன் ஃபர்னஸ் பக்கத்தில் அது எடுபடவில்லை, கடைசியில் ஷீல்டட்தான் நின்றது. அங்கே எலக்ட்ரீஷியனிடம் முதலில் எர்த் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன், அளக்கவா என்றேன். அவர் வேலையைச் சந்தேகப்படுவதாக நினைத்து அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

சமீபத்தில் பழைய மில்லில் கேமரா வேலைக்குக் கூப்பிட்டார்கள். அண்ணன் ஓய்வு பெற்றுப் போய்விட்டாராம். ஆபீஸ் ரேக்கைத் திறந்தால் அந்தப் பிளாஸ்டிக் ஜாக் பக்கத்தில் ஓர் அட்டை கட்டியிருந்தது. ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்தார்: "இதில் எர்த் கொடுக்கக் கூடாது." மேலே தண்ணீர் படாமலிருக்க செல்லோ டேப்பும் ஒட்டியிருந்தார். இரண்டு எர்த்தையும் அவரே பட்டை போட்டுச் சேர்த்த பிறகு அந்த அட்டைக்கு வேலையே இல்லை, இப்போது இரண்டு பக்கமும் கொடுப்பதுதான் முறை. கூட வந்த பையன் எதற்கு இப்படி எழுதியிருக்கிறது என்று கேட்டான். அது அப்படியே இருக்கட்டும், தொடாதே என்றேன்.