குறுவை போயிரும்

வேறொரு கம்பெனி அனுப்பிய நோட்டீஸில் இருந்தது ஒரே விஷயம். எங்கள் நெல் நடவு மெஷினில் நாற்றைப் பிடித்து நடும் விரல், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ரப்பர் பட்டையில் உரசிச் சேற்றை வழித்துவிட்டுப் போகும். அது தங்கள் பேட்டன்ட், அதாவது காப்புரிமை, என்றார்கள். மன்னார்குடிப் பக்கத்துக் களிமண்ணில் ஓட்டியவர்களுக்குத் தெரியும்: பட்டை இல்லாவிட்டால் விரலில் சேறு அப்பி, நாற்று வயலில் நிற்காமல் விரலோடு மேலே வந்துவிடும்.

விதைக்கிற கருவிகளில் இப்படி வழிக்கும் அமைப்பு காலங்காலமாக இருக்கிறது, அந்தப் பேட்டன்ட் நிற்காது என்றார் வக்கீல். காப்புரிமைச் சட்டம் 106வது பிரிவில், ஆதாரமில்லாத மிரட்டல் என்று நாமே முந்திக்கொண்டு வழக்குப் போடலாமாம்.

"ஜெயிச்சிருவோமா தம்பி?" முதலாளி என்னைப் பார்த்தார்.

"ஜெயிக்கலாங்க. ஆனா நடுவுல தடை வந்தா குறுவை போயிரும்."

பொய் சொல்லவில்லை. பஜாஜ் போட்ட பேட்டன்ட் வழக்கில் டிவிஎஸ் ஃப்ளேம் பைக்குக்கு 2008 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. டிவிஷன் பெஞ்ச் அதை நீக்கியது 2009 மே மாதம். அவ்வளவு பெரிய கம்பெனி தாங்கும். லேத் பட்டறையாக இருந்து வளர்ந்த நாங்கள்? மேட்டூர் திறந்து சில வாரத்தில் விற்றால்தான் விற்பனை.

பட்டையை எடுத்தோம். விரலின் வளைவை மாற்றி வரைந்தேன். சுமாராக நட்டது. விட்டுப்போன குத்துகளை ஆள் வைத்து நட்ட விவசாயிகள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, டீலரிடம்தான் கேட்டார்கள். அந்த வருஷம் சம்பளம் தடையில்லாமல் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் நோட்டீஸ் அனுப்பியவர்கள் கடைசிவரை வழக்கே போடவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் முதலாளி மோதியிருப்பார். அவர் சுபாவம் அது.

இப்போது எதை வரைவதற்கும் முன் பேட்டன்ட் தேடுகிறோம். நாங்களும் விண்ணப்பம் போடுகிறோம், பாதி செய்வதற்கே இல்லை. யாராவது நோட்டீஸ் அனுப்பினால் திருப்பிக் காட்ட.

போன மாதம் அப்படித் தேடும்போதுதான் பார்த்தேன், ஆண்டுக் கட்டணம் கட்டாமல் அந்தப் பேட்டன்ட் காலாவதியாகிக் கிடந்தது. முதலாளியிடம் சொன்னேன்.

"அப்ப பட்டையைப் போடு தம்பி."

"18 மாசத்துக்குள்ள அவங்க மனு போட்டு மீட்டுக்கலாங்க. வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று இழுத்தேன்.