சிட்டிசனைக் கட்டினாலும் ஜே-1 டாக்டருக்கு ரெண்டு வருஷ ரூல் போகாது, நான் பட்ட பாடு

ஜே-1 விசால (ட்ரெய்னிங்குக்கு வர்றவங்களுக்கான விசா) அமெரிக்கால ரெசிடென்சி (டாக்டருக்கான ஆஸ்பத்திரி பயிற்சி) பண்ணிட்டு இருக்கீங்க, அமெரிக்க சிட்டிசனைக் கல்யாணம் பண்ணிக்கப் போறீங்க, இனிமே விசா தொல்லை விட்டுச்சுன்னு நினைச்சுட்டு இருக்கீங்கன்னா இதைப் படிச்சிட்டுப் போங்க. எனக்குக் கிரீன் கார்டு கைக்கு வந்தாச்சு, கடுப்பு மட்டும் இன்னும் அடங்கல.

எங்க வீட்டுக்காரர் நியூ ஜெர்சில பிறந்து வளர்ந்தவர். நிச்சயம் ஆனதுலேர்ந்து ரெண்டு பக்கத்துச் சொந்தமும் ஒரே பாட்டுதான், "மாப்பிள்ளை சிட்டிசன், அப்புறம் என்ன, கிரீன் கார்டு தானா வந்துடும்." சொந்தக்காரங்க சொன்னா சிரிச்சுட்டுப் போயிடலாம், நாங்க முதல்ல பார்த்த வக்கீலும் அதையேதான் சொன்னார். நம்மூர்க்காரர், கல்யாண கேஸ் நிறையப் பண்றவர். என் டிஎஸ்-2019லயும் (ஜே-1க்கான அனுமதிப் பேப்பர்) விசா ஸ்டாம்ப்லயும் 212(ஈ), அதாவது அந்த ரெண்டு வருஷ ரூல், பொருந்தும்னு பளிச்சுனு அச்சடிச்சிருக்கு, அதைக் காட்டிக் கேட்டேன், "சிட்டிசன் ஸ்பௌஸுக்கு அதெல்லாம் பாக்க மாட்டாங்கம்மா"ன்னுட்டு ஐ-130 (புருஷன் எனக்காகப் போடுற மனு), ஐ-485 (என் கிரீன் கார்டு அப்ளிகேஷன்) ரெண்டையும் சேர்த்து ஃபைல் பண்ணிட்டார். ஐ-130 அப்ரூவ் ஆச்சு, ஐ-485 ரிஜெக்ட். கட்டின ஃபீஸ் திரும்ப வராது. வக்கீல் ஃபீஸும்தான்.

விஷயம் என்னன்னா, ஜே-1ல ட்ரெய்னிங் வந்த டாக்டர் சொந்த நாட்டுக்குப் போய் ரெண்டு வருஷம் இருக்கணும், இல்லைன்னா வெய்வர் (அந்த ரூல்லேர்ந்து விலக்கு) வாங்கணும். அது வரைக்கும் எச்-1பி வேலை விசாவும் கிடையாது, கிரீன் கார்டும் கிடையாது, யாரைக் கட்டினாலும் சரி. வேற ஃபீல்டுல ஜே-1 வந்தவங்க இந்திய அரசுகிட்ட நோ அப்ஜெக்ஷன் வாங்கி வெய்வர் எடுக்குறாங்களே, அந்த வழி ரெசிடென்சி பண்ற டாக்டருக்கு இல்லவே இல்ல. ஏதோ வாட்ஸ்அப் குரூப்ல எவனோ சொன்னான்னு நோரி சர்டிஃபிகேட்டுக்கு (இந்தியா திரும்பி வரணும்னு கட்டாயம் இல்லன்னு தர்ற பேப்பர்) அலையாதீங்க.

ரெண்டாவது வக்கீல் டாக்டர் வெய்வர் மட்டுமே பண்றவங்க. (இதுதான் முதல் டிப், கல்யாண வக்கீல் வேற, ஜே-1 டாக்டர் வக்கீல் வேற.) அவங்க ரெண்டு வழி சொன்னாங்க. ஒண்ணு ஹார்ட்ஷிப் வெய்வர், ஐ-612. நான் இந்தியா போகும்போது புருஷன் என்னோட வந்தாலும் அவருக்குப் பெரிய கஷ்டம், அவர் மட்டும் இங்கயே தங்கினாலும் பெரிய கஷ்டம்னு ரெண்டையும் நிரூபிக்கணும், பிரிஞ்சிருக்குறது, பணக் கஷ்டம் எல்லாம் மட்டும் பத்தாது. எங்க வீட்டுக்காரருக்கு ஆண்டவன் புண்ணியத்துல நோய் நொடி இல்ல. "நல்லா இருக்கீங்களே சார், அதான் பிரச்சனை"ன்னாங்க. சிரிச்சுட்டே அழுதுட்டு வந்தோம்.

இன்னொண்ணு கான்ராட் 30ங்குற வெய்வர். ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் வருஷத்துக்கு 30 இடம், டாக்டர் பத்தாக்குறைன்னு அறிவிச்ச ஏரியாவுல மூணு வருஷம் ஃபுல் டைம் எச்-1பில வேலை பார்க்கணும். ஃபெடரல் கணக்கு வருஷம் அக்டோபர் 1ல ஆரம்பிக்கும், நிறைய ஸ்டேட் அன்னிலேர்ந்துதான் வாங்குவாங்க, கூட்டம் அதிகமா போற ஸ்டேட்டுல சீக்கிரமே தீந்துடும். அதனால வேலை தேடுறதை முந்தின வருஷமே ஆரம்பிங்க, ஸ்டெப் 3 பரீட்சையும் (அமெரிக்க டாக்டர் லைசென்ஸுக்கான கடைசிப் பரீட்சை) முடிச்சு வச்சுக்கோங்க, அது இல்லாம டாக்டருக்கு எச்-1பி கிடையாது.

மிட்வெஸ்ட்ல ஒரு சின்ன டவுன்ல வேலை கிடைச்சுது, கான்ட்ராக்ட் போட்டாச்சு. வெய்வர் அப்ளிகேஷன் டிஎஸ்-3035ஐ ஆன்லைன்ல போட்டு கேஸ் நம்பரும் வாங்கியாச்சு. இங்கதான் ஆஸ்பத்திரி ஆபீஸ்ல ஒரு அம்மா. ஸ்டேட்டுக்குப் போற எல்லாப் பேப்பர்லயும், ஒவ்வொரு பக்கத்துலயும் அந்தக் கேஸ் நம்பர் இருக்கணும். வக்கீல் மெயில்ல சொன்னாங்க, நான் ஃபோன்ல சொன்னேன், அவங்க முதல் பக்கத்துல மட்டும் எழுதிக் கட்டு கட்டா அனுப்பிட்டாங்க. அப்படியே திரும்பி வந்துச்சு. மறுபடி அனுப்பணுமேன்னா "மெயில்ரூம்ல கேளுங்க"ன்னு பதில். கடைசில நானே லீவு போட்டுப் போய் கான்ஃபரன்ஸ் ரூம்ல உக்காந்து பக்கம் பக்கமா எழுதி என் கையால கூரியர் பண்ணேன். அதுக்கப்புறம் மாநில ஆபீஸ், ஸ்டேட் டிபார்ட்மென்ட் (வெளியுறவுத் துறை), யுஎஸ்சிஐஎஸ் (குடியேற்ற ஆபீஸ்), எச்-1பி எல்லாம் சத்தமில்லாம முடிஞ்சுது. ஆரம்பத்துலேர்ந்து வாங்கின எல்லா டிஎஸ்-2019 காப்பியும் கேப்பாங்க, ஒண்ணையும் தூக்கிப் போடாதீங்க.

மூணு வருஷம் அவர் சிகாகோல, நான் சோளக்காட்டு நடுவுல, சனி ஞாயிறு கார்லயே போச்சு. ஐ-130 கையில இருந்தும் அது முடியுற வரைக்கும் ஐ-485 போட முடியாது. நடுவுல வேலையை விட்டா அந்த ரெண்டு வருஷ ரூல் திரும்ப வந்து ஒட்டிக்கும், ஆஸ்பத்திரியையே மூடிட்டாங்கங்குற மாதிரி காரணம் இருந்தாதான் இடம் மாத்த விடுவாங்க. சரி, அப்போ கல்யாணத்தால என்னதான் லாபம்னா, வரிசை. கூட வேலை பார்த்த இந்திய டாக்டர்ங்க மூணு வருஷம் முடிச்சும் வேலை வழி கிரீன் கார்டு வரிசையான இபி-2ல தேதி நகருதான்னு மாசா மாசம் விசா புல்லட்டின் (எந்தத் தேதி வரைக்கும் போட்டவங்க முறைன்னு அரசு போடுற அறிவிப்பு) பார்த்துட்டு உக்காந்திருக்காங்க. சிட்டிசன் ஸ்பௌஸுக்கு அந்த வரிசையே இல்ல.

மூணு வருஷம் முடிஞ்சதும் வாரத்துக்கு 40 மணி நேரம், இந்தக் கிளினிக்ல, இந்தத் தேதிலேர்ந்து இந்தத் தேதி வரைக்கும்னு ஒரு லெட்டர் வேணும். அதே ஆபீஸ். "சேர்ந்த தேதி, பதவி மட்டும்தான் தருவோம், பாலிசி"ன்னுட்டாங்க. எவ்வளவு கெஞ்சியும் மசியல. மெடிக்கல் டைரக்டர்கிட்ட நேரா போனேன், மனுஷன் மதியச் சாப்பாட்டு நேரத்துல டைப் பண்ணிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தார். கூடவே டபிள்யூ-2 (வருஷச் சம்பள, வரிக் கணக்கு), பே ஸ்டப் (சம்பளச் சீட்டு) எல்லாம் வச்சோம். ஹெச்ஆர்ல மோதி நேரத்தை வீணாக்காதீங்க.

அடுத்த தலைவலி ஊர்லேர்ந்து. என் பர்த் சர்டிஃபிகேட்ல பேர் எழுதுற இடம் காலியா கிடக்கு, நம்ம செட்டுல பாதிப் பேருக்கு இதே கதைதான். அப்பா நகராட்சி ஆபீஸுக்குப் போனா, டென்த் மார்க் ஷீட் கொண்டு வாங்கன்னாங்க, கொண்டு போனா இனிஷியல் ஒத்துப்போகலன்னாங்க, அதுவும் சரியானா கிளார்க் லீவு. அறுபத்தஞ்சு வயசு மனுஷனை இப்படியா அலையவிடுறது? கடைசில அப்பாகிட்ட படிச்ச பையன் ஒருத்தன் அங்க வேலைல இருந்தான், "சார், நீங்க உக்காருங்க"ன்னு ஒரு மணி நேரத்துல பேர் சேர்த்து வாங்கிக் குடுத்துட்டான். ரெசிடென்சிக்குக் கிளம்பும்போதே இதை முடிச்சு வச்சுக்கோங்க. மெடிக்கல் எக்ஸாம் ஐ-693ஐயும் 2024 டிசம்பர்லேர்ந்து ஐ-485 கூடவே வைக்கணும். நானே ஊருக்கெல்லாம் ஊசி போடுற ஆளு, எனக்கு ஊசி போட்டாச்சுன்னு இன்னொரு டாக்டர்கிட்ட காசு குடுத்து எழுதி வாங்கினேன்.

இன்டர்வியூ சட்டுனு முடிஞ்சுது. கல்யாணமாகி ரெண்டு வருஷம் தாண்டிட்டதால ரெண்டு வருஷக் கண்டிஷனல் கார்டு இல்ல, நேரா பத்து வருஷக் கார்டு, அந்தக் கண்டிஷனை நீக்கப் போடுற ஐ-751 வேலை மிச்சம்.

ரெண்டு எச்சரிக்கை விட்டுப்போச்சு. ஜே-1ல இருக்கும்போதே ஐ-130 போட்டுட்டு விசா ஸ்டாம்பிங்குக்கு சென்னை போகாதீங்க, குடியேறுற எண்ணம் இருக்குன்னு விசா மறுக்க வாய்ப்பு உண்டு, எச்-1பிக்கு அந்தப் பயம் இல்ல. அப்புறம் ஃபெலோஷிப் (ரெசிடென்சிக்கு மேல பயிற்சி) ஆசை இருந்தா வெய்வர் அப்ளை பண்ணறதுக்கு முன்னாடியே யோசிச்சுடுங்க, வெய்வர் வந்தாச்சுன்னா அதுக்கப்புறம் ஜே-1 நீட்டிக்க முடியாது.