எங்கள் தெருச் சிறுபாலம் மன்றப் பொருளான கதை

வேலூர் மாநகராட்சியைச் சேர்ந்த சத்துவாச்சாரியில் எங்கள் தெரு, தேசிய நெடுஞ்சாலையின் சேவைச் சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போகிறது. தெரு முனையில் கழிவுநீர்க் கால்வாயின் மேல் கிடந்த பழைய கான்கிரீட் பலகை, 2023 டிசம்பரில் மணல் ஏற்றி வந்த ஒரு லாரியின் பின்சக்கரம் ஏறியதும் நடுவில் பிளந்து உள்ளே இறங்கிவிட்டது. லாரி அன்றைக்கே போய்விட்டது, பள்ளம் மட்டும் எங்களோடு தங்கியது. அதில் ஒரு வேப்பங்கிளையை நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டு, தெருக்காரர்கள் சார்பில் மனு எழுதும் வேலையை என்னிடம் ஒப்படைத்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் குடிமையியல் நடத்தியவன் என்பதுதான் அதற்கு அவர்கள் சொன்ன காரணம்.

நடத்தியவனே தவிர, ஒருமுறைகூட அந்த வழியில் நடந்து பார்த்தவன் இல்லை என்பது முதல் மனுவிலேயே வெளிப்பட்டது. மேயர் உத்தரவிட்டால் மறுநாளே ஆள் வந்துவிடும் என்று நம்பி, 'மாண்புமிகு மேயர் அவர்களுக்கு' என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதினேன். அந்தக் கடிதத்தை எங்கே கொடுப்பது என்று தெரியாமல், அருகிலேயே இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்வு நாளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே மனுவை வாங்கி, எண் போட்டு, மாநகராட்சிக்கு அனுப்பி வைத்தார்கள். ஆட்சியர் மாவட்ட நிர்வாகத்தின் தலைவர். மாநகராட்சியோ தனக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் தனி நிதியும் உள்ள வேறோர் அமைப்பு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்த இந்த வேறுபாடு, தேவைப்பட்ட நேரத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அதில் மூன்று வாரம் போனது. அந்தத் தாமதம் முழுக்க என் கணக்கில்தான் சேரும்.

பிறகு மண்டல அலுவலகத்துக்குப் போனேன். வேலூர் 2008 ஆகஸ்டில் மாநகராட்சியானது. 2011 வரை எங்கள் சத்துவாச்சாரி தனி நகராட்சியாக இருந்ததால், பழைய ஆட்கள் இன்னமும் "வேலூருக்குப் போய் வரேன்" என்றுதான் சொல்வார்கள். இப்போது மாநகராட்சிக்கு அறுபது வார்டுகள், நான்கு மண்டலங்கள். ஒவ்வொரு மண்டலத்திலும் அங்கு வென்ற கவுன்சிலர்களைக் கொண்ட மண்டலக் குழுவும், அவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த தலைவரும் உண்டு. அலுவலர்கள் பக்கத்தில் உதவி ஆணையர், பொறியாளர்கள், சுகாதார ஆய்வாளர்கள், வரி வசூலிப்பவர்கள் என்று மற்றொரு வரிசை இருக்கிறது. கவுன்சிலர்கள் நம் வாக்கால் வருகிறார்கள். ஆணையரை மாநில அரசு நியமிக்கிறது. எந்த மனுவும் இந்த இரண்டு வரிசையிலும் நகர வேண்டும், ஒன்றில் நின்றுபோனால் மற்றொன்றிலும் நின்றுபோகும் என்பதை நான் அங்கே போன பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் கவுன்சிலரை வீட்டில் போய்ப் பார்த்தபோது, அந்த அம்மா மனுவைப் படித்துவிட்டு, "ஐயா, இதுல உங்க கஷ்டமெல்லாம் எழுதியிருக்கீங்க. நீளம் எவ்ளோ, அகலம் எவ்ளோன்னு எழுதலியே" என்றார். உண்மைதான். மழை, குழந்தைகள், முதியோர், ஆம்புலன்ஸ் எல்லாம் இருந்த அந்த இரண்டு பக்கத்தில் ஓர் அளவுகூட இல்லை. அங்கேயே அமர்ந்து அரைப் பக்கத்தில் ஆணையருக்கு முகவரியிட்டுத் திருத்தி எழுதி, தெருவின் பெயர், கால்வாய் எந்தப் பக்கம், உடைந்த பகுதியின் உத்தேச அளவு ஆகியவற்றைக் குறிப்பிட்டு, நடப்பு அரையாண்டுச் சொத்துவரி ரசீதின் நகலையும் இணைத்தேன். ரசீதை யாரும் கேட்கவில்லை. கையில் இருக்கட்டும் என்று நானாக வைத்ததுதான்.

அடுத்த வாரம் உதவிப் பொறியாளர் வந்தார். சேவைச் சாலையை ஒட்டிய கால்வாய் நெடுஞ்சாலைக்காரர்களுடையதா, தெருவுக்குள் வரும் கால்வாய் மாநகராட்சியுடையதா என்பதைத்தான் அவர் முதலில் பார்த்தார். உடைந்த இடம் எல்லையிலிருந்து சில அடி உள்ளே இருந்தது. அந்தச் சில அடிகள் எங்களைக் காப்பாற்றின. ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொல்லி நாடாவை இழுத்து, சுண்ணாம்புக்கட்டியால் சாலையில் இரண்டு கோடு போட்டார். "கல்வெர்ட்டே புதுசா போட்டாத்தான் சார் நிக்கும்" என்றார். கால்வாயின் மேல் கட்டும் சிறுபாலத்தைத்தான் அப்படிச் சொன்னார். தமிழாசிரியரான என் நண்பர் ஒருவர் பக்கத்தில் நின்றவர், கல்வெட்டு என்று காதில் வாங்கிக்கொண்டு, இந்தத் தெருவில் எந்த அரசன் பொறித்தான் என்று பிறகு என்னைத் தனியே கேட்டார்.

பலகையை மட்டும் மாற்றுவது சில்லறைப் பழுது, சிறுபாலம் கட்டுவது தனிப் பணி. இந்த மாற்றத்தால் மனுவின் பாதையே மாறியது. பணிக்கு மதிப்பீடு தயாரித்து, எந்த நிதியில் செலவிடுவது என்று குறித்து, தொழில்நுட்ப அனுமதியும் நிர்வாக அனுமதியும் பெற வேண்டும். ஒரு வரம்புக்கு உட்பட்ட தொகையை ஆணையரே அனுமதிக்கலாம், அதைத் தாண்டினால் கவுன்சிலர்கள் கூடும் மாமன்றத்தில் பொருளாக, அதாவது கூட்டத்தில் எடுத்துக்கொள்ளும் இனமாக, வைத்துத் தீர்மானம் பெற வேண்டும். எங்கள் மண்டலத்தில் இதே போன்ற வேறு சில பணிகளையும் சேர்த்து ஒரே பொருளாக வைத்ததால், எங்கள் சிறுபாலமும் மன்றத்துக்குப் போனது.

பிப்ரவரிக் கூட்டத்துக்குப் பிறகு கவுன்சிலர் அந்தப் பொருளின் நகலைக் காட்டினார். மேலே பொருள் எண்; அதன் கீழ் பணிகளின் பட்டியலும் மதிப்பீட்டுத் தொகைகளும்; கடைசியில் 'மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது' என்று ஒரு வரி. எங்கள் தெரு ஏழாவது இனமாக, ஊர்ப்பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு அச்சாகியிருந்தது. கூட்டத்துக்கு மேயர் தலைமை வகிக்கிறார், மன்றம் தீர்மானிக்கிறது, ஆணையர் நிறைவேற்றுகிறார் என்பதை அந்த ஒரு தாளில் பார்த்துவிடலாம். 2011-இல் நாங்கள் மேயருக்கென்று தனியாக வாக்களித்தோம். 2022 பிப்ரவரி 19 அன்று கவுன்சிலருக்கு மட்டுமே வாக்களித்தோம், மார்ச் 4 அன்று கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். இடையில் 2016 அக்டோபர் முதல் ஐந்தாண்டுக்கு மேல் மன்றமே இல்லை, தனி அலுவலர்தான் நிர்வாகம். அந்த ஆண்டுகளில் பலகை உடைந்திருந்தால் நான் எந்த வீட்டுக் கதவைத் தட்டியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன்.

தீர்மானம் வந்ததும் வேலை தொடங்கிவிடும் என்று தெருவில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். ஒப்பந்தப்புள்ளி கோரும் நிலையில், 2024 மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வெளியாகி நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்தன. தொடங்கப்படாத புதுப் பணிகளுக்கு அதன்பின் பணி உத்தரவு கிடையாது. எங்களூரில் ஏப்ரல் 19 அன்றே வாக்குப்பதிவு முடிந்துவிட்டாலும், நாடு முழுவதும் ஏழு கட்டம் முடிந்து ஜூன் 4 அன்று வாக்கு எண்ணும் வரை காத்திருந்தோம். வேப்பங்கிளை காய்ந்து, அதை மூன்று முறை மாற்றினோம். அக்னி நட்சத்திரத்தில் பள்ளமும் வறண்டு வெடித்துக் கிடந்தது.

ஜூலையில் கம்பி கட்டினார்கள். இரும்பு எத்தனை மில்லிமீட்டர் என்று நான் போய்ப் பார்த்ததை மேஸ்திரி ரசிக்கவில்லை. கான்கிரீட் போட்ட பிறகு சாக்கு விரித்துத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை எதிர்வீட்டு அக்காவும் நானும் முறைவைத்து ஏற்றுக்கொண்டோம். மூன்று வாரம் கழித்துத்தான் வண்டி விட அனுமதித்தோம். முதலில் ஏறியது தண்ணீர் கேன் ஏற்றிய மினி லாரி. தெருவே வாசலில் நின்று அதன் பின்சக்கரத்தைப் பார்த்தது.

பாலத்துக்குக் கீழே இருபது அடி தூரத்துக்கு மண் அடைத்திருக்கிறது. தூர்வாருவது பொறியியல் பிரிவின் வேலையன்று, சுகாதாரப் பிரிவின் வேலை என்று சொன்னார்கள். இந்த முறை நீளமும் ஆழமும் அளந்து, அரைப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.